பிடித்து வைத்த கெஜங்கள்

சமையலறையிலிருந்து தெருக் கதவுக்கு நடந்து போக ஒரு முழுப் பகல் பிடிக்கத் தொடங்கிய வருடத்தில்தான் டைல்ஸ் கடைக்காரர் தன் வீட்டு கோல்ஃப் மெஷினுக்கு நான்காவது திரையை மாட்டினார். பழைய திரை கிழிந்த துக்கத்தில் அவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. வீடு நீண்டதற்காக ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது பழைய வீடுதான். அதே பச்சை கேட், தெருவைப் பார்த்த அதே ஒற்றை ஜன்னல், பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே பூனை மட்டும் போகிற அதே சந்து. வீட்டு வரிக்காரர் வெளிப்பக்கமாக அளந்து பார்த்துவிட்டு, போன வருடம் எவ்வளவோ அவ்வளவேதான் என்றார். உள்ளே வந்து அளக்கச் சொல்லி வீட்டுக்காரி மல்லுக்கு நின்றாள். சாயங்காலத்துக்குள் ஆபீஸ் திரும்ப வேண்டும் என்று சொல்லி அவர் நழுவிவிட்டார். விவரமான மனிதர்.

வீட்டுக்காரி தையல்காரி. ஊரில் அவளுக்குப் "பிரிச்சுக்கலாம்" என்று பெயர். யார் எதைத் தைக்கக் கொடுத்தாலும் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்துப் பிடித்து வைத்துத்தான் தைப்பாள். போட்டுப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், "உள்ள பிடிச்சு வச்சிருக்கேன், வேணும்னா பின்னாடி பிரிச்சுக்கலாம்" என்பாள். உடம்பு பெருத்தவர்களும், வளர்ந்துகொண்டே போகிற பிள்ளைகளின் அம்மாக்களும் அந்த ஒரு பேச்சுக்காகவே அவளைத் தேடி வந்தார்கள். வாய்தான் கொஞ்சம் நீளம். சொன்ன நாளுக்கு முன்னால் வந்து நச்சரித்தால் ஆளை வாசலிலேயே நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். ஆனால் கை சுத்தம். தெருவைப் பார்த்த முன் அறை அவளுடையது. ஜன்னலோரம் மெஷின், நடுவில் வெட்டு மேஜை, மூலையில் போட்டுப் பார்க்க ஒரு திரைச்சீலை. கழுத்தில் தொங்கிய டேப்பின் முதல் ஒன்பது இஞ்ச் என்றைக்கோ நைந்து அறுந்து போய்விட்டது. புதிது வாங்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்பதில் ஆரம்பித்து மனசுக்குள்ளேயே கழித்துக்கொள்வாள். பழகிய கைக்கு அது ஒரு கஷ்டமே இல்லை.

டைல்ஸ் கடைக்காரருக்கு ஐம்பது வயது வரை எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. இது அவரே சொல்லிக்கொண்டது. நிறையச் சரக்கு எடுத்த கடைக்காரர்களை டைல்ஸ் கம்பெனி ஒரு முறை பெரிய கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போய் விருந்து வைத்தது. அங்கே யாரோ இவர் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வீசு வீசினார். பந்து போன திசையே யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பந்து அவருடைய குதிகாலுக்குப் பின்னால் புல்லில் புதைந்து கிடந்ததைப் புல் வெட்டுகிறவர் ஒருவர் மட்டும் பார்த்தார். நல்ல மனிதர், வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். அந்தக் கைதட்டல் கடைக்காரரின் காதை விட்டு இறங்கவே இல்லை. மைதானத்தில் உறுப்பினராகச் சேர அவர் ஆசைப்பட்டார். சேர்த்துக்கொள்ள அவர்கள் ஆசைப்படவில்லை. சரி, மைதானத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று புண்ணியவான் முடிவெடுத்தார்.

அதற்கென்று ஒரு மெஷின் இருக்கிறது. நான்கு இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு கூண்டு. அதன் ஒரு பக்கம் கெட்டித் துணியில் ஒரு திரை, உச்சியில் புரொஜெக்டர், அது திரையில் பச்சைப் பசேலென்று ஒரு மைதானத்தைக் காட்டும். கீழே விரித்த பச்சைப் பாயில் பந்தை வைத்து அடித்தால் பந்து திரையில் முட்டித் தொப்பென்று விழும். நிஜ மைதானத்தில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மெஷின் கணக்குப் போட்டு, ஒரு பெண் குரலில் கெஜத்தில் சொல்லும். விற்க வந்தவர், அறை இருபது அடி நீளம் இருந்தே ஆக வேண்டும், குறைந்தால் மெஷினுக்குப் புத்தி பிசகிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். கடைக்காரர் ஆணியில் தொங்கிய பெண்டாட்டியின் டேப்பை எடுத்து முன் அறையை அளந்தார். நான்கு டேப் நீளம் சரியாக வந்து நின்றது. ஒரு டேப் ஐந்து அடி, நான்கு டேப் இருபது அடி. அவர் துள்ளிக் குதித்துக்கொண்டு போய் அதை மெஷினில் பதிந்தார். காலமெல்லாம் தரை அளந்து டைல்ஸ் விற்ற ஆள். டேப்பின் முனை எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று குனிந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு அவள் பட்டன் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வெட்டு மேஜை நடைவழியில் தலைகீழாகக் கிடந்தது. வீட்டின் கோடியில், சமையலறைக்கு அடுத்த சாமான் அறையில், காலி டப்பாக்களுக்கு நடுவே அவளுடைய மெஷின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் அவர். "யாரைக் கேட்டு என் சாமானைத் தொட்டீங்க?" என்றாள் அவள். "என் வீட்டுல நான் யாரைக் கேட்கணும்?" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையை அவள் நெஞ்சில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். அறை போனதுகூட ஒரு பக்கம். அதுவரை அந்த வீட்டில் மெஷின் என்றால் அவளுடைய மெஷின்தான். மெஷினுக்கு எண்ணெய் போடு, மெஷின் மேல் தட்டு வைக்காதே என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரே வாரத்தில் அந்தப் பெயரைக் கூண்டு பறித்துக்கொண்டது. அவளுடையது தையல் மெஷின் ஆகிவிட்டது. சொந்த மகளே, "எந்த மெஷின்மா?" என்று கேட்டாள்.

வாங்கும்போது கொடுத்த காசு வெறும் நுழைவுக் கட்டணம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. புரொஜெக்டரின் விளக்கு மங்கியது. பந்து பட்டுப் பட்டுத் திரை நைந்தது. ஒரே இடத்தில் நின்று நின்று பாய் தேய்ந்தது. புரொஜெக்டர் சூட்டுக்கு ஏசி, ஏசிக்குத் தனி ஒயர், ஒயருக்குத் தனி மீட்டர். வருடா வருடம் சந்தா கட்டாவிட்டால் திரையில் புல் முளைக்காது, வெறும் கருப்புத்தான். இதெல்லாம் அந்த மாதிரி மெஷின் வாங்கின எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்; இதைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த வீட்டில் மட்டும் பிடித்த செலவு வேறு.

முதலில் அதைக் கண்டுபிடித்தது இஸ்திரிப் பெட்டி. முன் அறைச் சுவரில் செருகி, கதவு வரை இழுத்துத் துணி தேய்ப்பது அவள் வழக்கம். ஒரு நாள் ஒயர் ஒரு சாண் எட்டவில்லை. அடுத்த மாதம் ஒரு கை எட்டவில்லை. ஒயர் சுருங்கிவிட்டது என்று நினைத்தாள். சுருங்கவில்லை, அறை நீண்டிருந்தது. கூண்டு நடுவில் நிற்க, அதற்கு முன்னாலும் பின்னாலும் தரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே "இருநூற்றுப் பத்து கெஜம். அருமை" என்று குரல் சொன்னால் எங்கோ சுவர் மெல்ல முனகும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை யாரும் அருமை என்று சொன்னதில்லை. சொல்கிற மாதிரி அவரும் எதையும் செய்ததில்லை. ஆகவே அவர் நாள் முழுக்க அடித்தார். கெஜம் என்பது துணிக்காரர்கள் பேச்சு. பத்து கெஜம் துணி வேண்டுமென்றால் பத்து கெஜம் எங்கோ வெட்டி எடுத்தாக வேண்டும், அது அவளுக்குத் தெரியும். "கெஜம் கெஜமா அடிக்கிறீங்களே, அதெல்லாம் எங்கேருந்து வருது?" என்று ஒரு நாள் கேட்டாள். "உனக்கு விளையாட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று அவர் அடுத்த பந்தை வைத்தார்.

இரண்டாம் வருடம் முன் அறையைக் கடக்க ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரம் ஆயிற்று. மூன்றாம் வருடம் நடுவழியில் உட்கார ஒரு ஸ்டூல் போட்டார்கள். நீளும் தரை வெறும் மண்ணாக நீண்டதால் கடைக்காரர் தன் கடைச் சரக்கைக் கொண்டுவந்து பதித்தார். பதிக்கப் பதிக்க நீண்டது. ஊருக்கெல்லாம் தரை போட்ட கடை கடைசியில் தன் முதலாளி வீட்டு முன் அறையிலேயே போய் முடிந்தது. ஷட்டர் பாதி இறங்கியது. விற்பனைக்கு இருந்த பையன்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். பெருக்க வந்த பெண், "இது வீடாம்மா, ரோடு. ரோடு கூட்டுறதுக்கு வேற ஆளு வருவாங்க" என்று துடைப்பத்தை வைத்துவிட்டாள். நடந்து கால் வீங்கியதும் அவர் பேட்டரியில் ஓடும் சின்ன வண்டி ஒன்று வாங்கினார். அந்த பேட்டரிக்கும் ஆயுசு கொஞ்சம்தான். மகள் திங்கட்கிழமைக் கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமையே கிளம்ப வேண்டியிருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அக்கம்பக்கத்தார் மட்டும் பொறாமைப்பட்டார்கள். உள்ளே நல்ல விசாலமாமே என்று வீட்டு புரோக்கர் ஒருவர் வந்து விசாரித்தார்.

வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. கட்டிய மேஸ்திரி சிக்கனக்காரர். தையல் கொடுக்க வருகிறவர்கள் முன் அறையைக் கடந்துதான் சாமான் அறைக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமை பாவாடை கொடுக்க வந்தவள் சனிக்கிழமை வீடு திரும்பினால் அவள் புருஷன் சும்மா இருப்பானா? ஒவ்வொருவராக நின்றார்கள். எல்லோரும் நின்ற பிறகும் விடாமல் வந்தவர் ஒருவர்தான், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. பிரிச்சுக்கலாம் தைத்ததைத் தவிர வேறு எதுவும் அவர் தோளில் உட்காராது. அவரையும் அந்த வீடு விட்டு வைக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்த வீட்டில் சத்தத்துக்கும் நடந்துதான் வர வேண்டியிருந்தது. அவள் சமையலறை வாசலில் நின்று காலையில் கத்துவது கூண்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகும். அவர் சொல்லும் பதில் சாயங்காலம்தான் இங்கே வரும். இதனால் சண்டை நின்றுவிடவில்லை. ஒரே நேரத்தில் நாலைந்து சண்டைகள் வழியில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. எந்தத் திட்டுக்கு எது பதில் என்று இருவருக்கும் தெரியாததால் இருவரும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கோபப்பட்டார்கள். தலைமையாசிரியை ஒரு நாள் முழுக்க நடந்து, பொழுது சாயும்போது சாமான் அறைக்கு வந்து, தண்ணீர் குடித்து, "இந்தத் தடவை கையை மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரின் மத்தியானப் பதில் வந்து சேர்ந்தது. "வாயை மூடுடி! உனக்கு வேற வேலையே இல்லையா?" முப்பது வருடமாகத் தலைமையாசிரியையை யாரும் அப்படிப் பேசியதில்லை. எழுந்தார், பையை எடுத்தார், போய்விட்டார். பிரிச்சுக்கலாம் ஓடிப்போய்க் காலைப் பிடிக்காத குறை. "டீச்சர், அது உங்களைச் சொல்லலை, என்னைச் சொன்னது" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். தன்னைச் சொன்னது என்று தானே சொல்ல வேண்டியிருந்ததே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மெஷினில், அதாவது தையல் மெஷினில், தூசி படிந்தது. அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. தன் அறை வேண்டும். தெரு ஜன்னல் வேண்டும். நாலு பேர் வந்து கதவைத் தட்டி, "அக்கா, ரெடியா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் இன்னும் ஆகவில்லை என்று எரிந்து விழ வேண்டும். அவ்வளவுதான்.

விளக்கு மாற்ற வந்த மெக்கானிக்தான் விஷயத்தை உடைத்தார். அவர் ஒரு இளைஞர், பொறுமைசாலி; மதியச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டுதான் அந்த வீட்டுக்கு வருவார். அன்றைக்கு அவளும் பேட்டரி வண்டியில் கூண்டு வரை வந்திருந்தாள், டீ கொடுக்க. மெக்கானிக் மெஷினின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், மெஷின் மேல தப்பே இல்லை. ரூம் இருபது அடின்னு சார் போட்டிருக்காரு. ஆனா சுவத்துக்குச் சுவர் நிஜத்துல பதினேழுதான் இருந்திருக்கு. மூணு அடி உள்ளே எங்கேயோ மடிச்சு வச்சிருக்குன்னு மெஷின் நினைச்சுக்கிச்சு. அதான் கெஜம் வேணுங்கிறப்பல்லாம் அதைப் பிரிச்சு விடுது."

"மூணு அடியைப் பிரிச்சா மூணு அடிதானே வரும்?"

"இருந்தா மூணு அடியோட முடிஞ்சிருக்கும் மேடம். இல்லாததுக்கு ஏது முடிவு?"

அவள் கழுத்து டேப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்பதாம் எண்ணில் அறுந்த முனை விரலில் பட்டது. "எந்த டேப்புல அளந்தீங்க?" என்று புருஷனைக் கேட்டாள். "உன் கழுத்துல தொங்குதே, அதுலதான்" என்றார் அவர். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு டேப்புக்கு ஒன்பது இஞ்ச், நாலு டேப்புக்கு மூன்று அடி. ஒரு புது டேப் வாங்காத கருமித்தனத்தையும், கேட்காமல் எடுத்த அவர் கையையும் சேர்த்துச் சபித்தாள். மெக்கானிக் மெஷினில் பதினேழு என்று மாற்றிப் போட்டு, "சார், ஒண்ணு அடிச்சுப் பாருங்க" என்றார். கடைக்காரர் உடம்பை முறுக்கி முழு வேகத்தில் அடித்தார். அறை ஒரு தரம் பெருமூச்சு விட்டது. வெகு தூரத்தில் குண்டூசித் தலை அளவுக்குத் தெரிந்த ஜன்னல் வெளிச்சம் பட்டன் அளவுக்குக் கிட்டே வந்தது. அவள் அதைக் கண்ணாரப் பார்த்தாள். குரல், "அறுபத்தொரு கெஜம்" என்றது. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கடைக்காரர் மட்டையைப் பிடித்தபடி காத்திருந்தார். அருமை வரவில்லை. அவர் முகம் செத்துப்போனது.

"பழையபடி இருபதே போடுப்பா" என்றார்.

"ஏங்க, ஜன்னல் தெரிஞ்சதே, நீங்களும் பார்த்தீங்கல்ல?" என்றாள் அவள்.

"நான் ஒண்ணும் பார்க்கலை. இருபது போடு."

மெக்கானிக் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, சந்தா யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொன்னதைப் போட்டார். ஜன்னல் மறுபடி குண்டூசித் தலை ஆயிற்று. தெரியாமல் செய்கிற வரைக்கும் ஒரு மனிதனைத் திட்டலாம். தெரிந்தே செய்கிறவனிடம் திட்டி என்ன பிரயோஜனம்? அன்றிலிருந்து அவள் கத்துவதை நிறுத்தினாள். வீட்டில் அப்படி ஒரு அமைதி வந்தது. பெண்டாட்டிக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவளுக்கு வந்தது கணக்கு. பிரித்தது எதுவோ அதைத் திரும்பப் பிடிக்கலாம். தைக்கத் தெரிந்த யாருக்கும் இது தெரியும்; வீட்டுக்கு மட்டும் அது பொருந்தாது என்று யாரும் எங்கேயும் சொல்லி வைக்கவில்லை. ஒரு நாள் காலையில் மார்க் போடும் சாக்குக்கட்டி, மூட்டை தைக்கும் கோணி ஊசி, பெரிய நைலான் நூல்கண்டு, ஏணி எல்லாவற்றையும் பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். சுவரிலிருந்து இரண்டு டேப் நீளம் அளந்து தரையில், பக்கச் சுவர்களில், கூரையில் என்று சுற்றிலும் ஒரு கோடு இழுத்தாள். கோட்டோரம் ஒரு ஓட்டுத்தையல் ஓட்டினாள். டைல்ஸில் ஊசி இறங்காது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முதல் குத்துக்கு முரண்டு பிடித்தது, பிறகு விறைப்பான ஜீன்ஸ் துணி மாதிரி இறங்கியது. மறுநாள் நூலை அவிழ்த்து விட்டுக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பினாள். வழியில் கூண்டு. கடைக்காரர் பாயில் நின்றுகொண்டு, "இதென்ன, கால்ல நூல் தட்டுது? தடுக்கி விழுந்தா யார் பார்க்கிறது?" என்று கேட்டார். "தைக்கிறேன்" என்றாள். "நகர்த்தித் தை" என்றார். அவள் நூலை ஓரமாக நகர்த்திவிட்டுப் போனாள். எதைத் தைக்கிறாய் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சமையலறைப் பக்கத்துச் சுவரிலிருந்தும் இரண்டு டேப் அளந்து, கோடு இழுத்து, தைத்து முடித்தாள். இப்போது இரண்டு கோடுகளுக்கும் நடுவே நூல் மட்டும்தான். முனை அவள் கையில். இழுத்தால் இந்தக் கோடும் அந்தக் கோடும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கிற அத்தனையும் மடிப்புக்குள் போய்விடும். அவள் இழுக்கவில்லை. என்ன இருந்தாலும் இருபத்திரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனுஷன். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு தரம் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். உப்பில்லை, ஆனாலும் கொடுத்தார். நூலை விரலில் சுற்றிக்கொண்டு, கூண்டு இருக்கும் திசையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். "கடைசியா கேட்கிறேன்! என் ரூமை எனக்குத் தருவீங்களா, மாட்டீங்களா?"

கேள்வி நடந்து போனது. அவள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். அரிசி ஊறப்போட எழுந்திருக்கவில்லை, மகளின் போனை எடுக்கவில்லை. தருகிறேன் என்று வேண்டாம், பார்க்கலாம் என்று வந்தால்கூட நூலை விட்டுவிடுவது என்று மனசுக்குள் இறங்கி வந்துகொண்டே இருந்தாள். சாயங்கால வெயில் தூரத்து ஜன்னலில் சிவந்தபோது அவர் குரல் வந்தது. களைத்துப்போய், தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி வந்தது.

"ஏய், டீ ஆறிப்போச்சு. வேற போட்டு எடுத்துட்டு வா."

அது அவள் கேள்விக்கு வந்த பதிலா, மெக்கானிக் வந்த அன்று சொன்னது இவ்வளவு நாள் கழித்து வந்து சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அவள் நூலை இழுத்தாள்.

அறை சரசரவென்று சுருங்கி வந்தது. டைல்ஸ், ஸ்டூல், ஏசி, பேட்டரி வண்டி, பச்சைப் பாய், கூண்டு, கூண்டுக்குள் மட்டையை ஓங்கியபடி நின்ற டைல்ஸ் கடைக்காரர் எல்லாம் கொசுவம் கொசுவமாக மடிந்து உள்ளே போயின. கோடும் கோடும் முத்தமிட்டுக்கொண்ட மாதிரி ஒட்டின. எதிரே, எட்டரை அடி தூரத்தில், ஜன்னல் நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்தச் சத்தம் உடனே கேட்டது. அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏணி போட்டு ஏறி, கூரையிலிருந்து தரை வரை மடிப்பை இரட்டைத் தையல் போட்டு அடைத்தாள். எப்போதும் விடுகிற அளவு, இரண்டு விரல் அகலம்.

பட்டன் நுழைகிற ஓட்டையைத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். மறுநாள் காலையில் அவள் மடிப்பின் நடுவே, இடுப்பு உயரத்தில், ஒரு தட்டு போகிற அளவுக்குக் காஜா வெட்டி, ஓரம் பிரியாமல் நெருக்கித் தைத்து, தன் பக்கத்தில் ஒரு பெரிய கோட்டுப் பட்டனும் வைத்தாள். முதல் டீயை அதன் வழியாக நீட்டியபோது, "ஏய், இதென்ன சுவத்துல ஓட்டை? நீ எங்கே இருக்கே?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அவர். "முன் ரூம்ல" என்றாள் அவள். "வழி எங்கே போச்சு?" என்றார். "உங்களுக்கு எத்தனை கெஜம் வேணுமோ அத்தனையும் அங்கேயே இருக்கு. ஒரு இஞ்ச் நான் எடுக்கலை. அடிங்க" என்றாள். அவர் கொஞ்ச நேரம் கத்தினார், பிரித்து விடச் சொல்லி மிரட்டினார், போலீசைக் கூப்பிடுவேன் என்றார். பிறகு டீயைக் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மட்டை வீசும் சத்தம். இருநூற்று நாற்பது கெஜம். அருமை.

மகள் விடுமுறைக்கு வந்து, காஜா வழியாக அப்பாவிடம் பேசினாள். உள்ளே வசதியாக இருக்கிறது, புதுத் திரை மட்டும் ஒன்று வேண்டும் என்றார் அவர். மெக்கானிக் வருடத்துக்கு ஒரு முறை வந்து, பட்டனைக் கழற்றி, கையை விட்டு விளக்கை மாற்றிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போய்விடுகிறார். சந்தாவை இப்போது அவள்தான் கட்டுகிறாள், நாள் தவறாமல். கட்டாவிட்டால் அவர் வெளியே வரக் கேட்பார் என்று பயம்.

தலைமையாசிரியையை அவள் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கூட்டி வந்தாள். அவர் தெருக் கதவைத் திறந்து, ஒரு பகல் நடப்பதற்குத் தயாராகத் தண்ணீர் பாட்டிலோடு காலை வைத்தார். வைத்த இடத்திலேயே வெட்டு மேஜை இருந்தது. போட்டுப் பார்க்கும்போது தோள் சுவரில் இடித்தது. கூரையிலிருந்து தரை வரை புடைத்து நின்ற மடிப்பைத் தடவிப் பார்த்தார். உள்ளே எங்கேயோ ஒரு பெண் குரல் யாரையோ பாராட்டியது.

"இதென்னம்மா சுவத்துல?"

"உள்ள பிடிச்சு வச்சிருக்கேன் டீச்சர்" என்றாள் பிரிச்சுக்கலாம், வாயில் குண்டூசியோடு.

டீச்சர் அடுத்த பாதிக்காகக் காத்திருந்தார். ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிற பாதி. அது வரவில்லை. அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

"சரி, கழுத்தை மட்டும் கொஞ்சம் இறக்கி வை" என்றார் டீச்சர். "வியாழக்கிழமை வரட்டுமா?"

"தலைக்கு மேல வேலை கிடக்கு. சனிக்கிழமை வாங்க. அதுக்கு முன்னாடி வந்து நிக்காதீங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, அவள் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.